கோட்டில் விழாத புள்ளி



"மலருக்கு ஏதாவது எழுதிக் குடு. ஆனா 'காலம் பொன் போன்றது', 'இன்றைய மாணவர் நாளைய தலைவர்' ரெண்டும் வேண்டாம்பா, ஏற்கெனவே ஏழெட்டு வந்து கிடக்கு" என்று மலர்க்குழு நண்பர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்ததே அந்த இரண்டு தலைப்புகள்தான்! வேறு வழியில்லாமல், நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு வேலையைப் பற்றி என் மனதில் பட்டதை எழுதுகிறேன். அமெரிக்காவில் மத்திய அரசின் குற்றவழக்கு வக்கீல்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் சட்ட உதவியாளர் வேலை அது. 'பாராலீகல்' என்று பெயர்.

"அமெரிக்காக்காரன் கோர்ட்டுக்கும் நம்ம லேத்துக்கும் என்னடா சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு யாருடையதும் இல்லை, என் குற்றம்தான்.

முதலாமாண்டு பிசிக்ஸ் லேப். ஸ்பிரிங்கில் எடையைக் கூட்டிக்கொண்டே போய் நீட்சியை அளந்து கிராஃப் போடும் பரிசோதனை. மொத்தம் எட்டு ரீடிங். ஏழு புள்ளிகள் சமர்த்தாக ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்துவிட்டன. ஆறாவது புள்ளி மட்டும் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமா மாதிரி தள்ளி நின்றது. நான் என்ன செய்தேன்? நீங்கள் என்ன செய்வீர்களோ அதையேதான்! ரப்பரை எடுத்து அழித்தேன். கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்தேன். அதற்கு ஏற்ற ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு டேபிளில் எழுதினேன். பத்துக்கு ஒன்பது மார்க். யாருக்கும் நஷ்டமில்லை, ஸ்பிரிங்கும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த ஆறாவது புள்ளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அமெரிக்காவுக்குப் போவோம்.

அங்கே பெரும்பாலான குற்ற வழக்குகளை அந்தந்த மாநிலமே நடத்திக்கொள்கிறது. மத்திய அரசின் சட்டத்தை மீறிய வழக்குகள் மட்டும் தனி. வருமான வரி ஏய்ப்பு, வங்கி மோசடி, மாநிலம் விட்டு மாநிலம் போகும் போதைப்பொருள், பயங்கரவாதம் போன்றவை. இவற்றுக்காக நாடு முழுவதும் 94 நீதிமன்ற மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 'யு.எஸ். அட்டர்னி' என்ற தலைமை அரசு வக்கீல். ஆனால் மொத்தம் 93 பேர்தான். குவாம் தீவுக்கும் வடக்கு மரியானா தீவுகளுக்கும் சேர்த்து ஒருவரே! 1789-ஆம் வருடத்திலிருந்து இருக்கும் பதவி இது. அவர்களின் நீதித்துறை இலாகாவே 1870-ல்தான் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தலைமை வக்கீலின் கீழ் உதவி வக்கீல்கள் பலர். கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடுவது பெரும்பாலும் இவர்கள்தான்.

சினிமாவில் நாம் பார்ப்பதும் இவர்களைத்தான். கோட்டு சூட்டு, விரலை நீட்டி ஒரு கேள்வி, சாட்சிக்கு வியர்வை, நமக்குக் கைதட்டல். சரி, அந்த வக்கீல் கையை நீட்டியவுடன் சரியான தாள், சரியான பக்கம், சரியான போட்டோ திரையில் வந்து விழுகிறதே, அது எப்படி? மேஜையின் ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வேலை அது. கேமரா அவர் பக்கம் திரும்புவதே இல்லை.

அவர்தான் பாராலீகல். நம்ம ஊர் வக்கீல் குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைவிடக் கொஞ்சம் மேலே. (நம் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இதே பெயரில் தன்னார்வலர்கள் உண்டு. அது வேறு, இது முழுநேர அரசாங்க உத்தியோகம். அங்கே மத்திய அரசின் பணி வகைப்பாட்டில் 0950 என்று தனி எண்ணே இருக்கிறது.) சட்டப் பட்டம் கட்டாயமில்லை. கோர்ட்டில் வாதாட முடியாது. யாருக்கும் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. வக்கீல் மேற்பார்வையில் வேலை. சுருக்கமாகச் சொன்னால், எஞ்சினியருக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் டிப்ளமாக்காரன் நிற்கிறானே, கிட்டத்தட்ட அந்த இடம்!

இவர் என்ன செய்கிறார்? ஒரு பண மோசடி வழக்கு என்று வைத்துக்கொள்வோம். புலனாய்வு ஏஜெண்டுகள் வாரண்டோடு போய் ஓர் ஆபீசிலிருந்து அள்ளிக்கொண்டு வருகிறார்கள். கணக்குப் புத்தகம், வங்கிக் காகிதம், ஈமெயில், நாலைந்து செல்போன், மேஜை டிராயரில் கிடந்த துண்டுச்சீட்டு வரை. இத்தனையும் இவர் மேஜைக்கு வரும். முதல் வேலை, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரிசை எண் போடுவது. 'பேட்ஸ் நம்பர்' என்று பெயர். மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க: பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எட்வின் பேட்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய எண்ணிடும் மிஷினிலிருந்து வந்த பெயர் இது. ஒருமுறை அழுத்தினால் எண் பதியும், உள்ளே இருக்கும் சக்கரம் ஒரு பல் நகர்ந்து அடுத்த எண் தயாராகும். நம் பஸ் கண்டக்டர் டிக்கெட் கட்டில் வரிசை எண் இருக்கிறதே, அதே தத்துவம். ஒரு டிக்கெட் காணோம் என்றால் செக்கிங் இன்ஸ்பெக்டர் விடுவாரா? இன்றைக்கு அந்த எண்ணைக் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது. பெயர் மட்டும் பேட்ஸோடு நின்றுவிட்டது.

எண் போட்டாயிற்றா? அடுத்தது எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அட்டவணை. வங்கிக்கும் டெலிபோன் கம்பெனிக்கும் போகவேண்டிய சம்மன் தயாரிப்பு. அங்கே வழக்கு கோர்ட்டுக்குப் போகும் முன் 'கிராண்ட் ஜூரி' என்று 16 முதல் 23 வரை பொதுமக்கள் கூடி உட்கார்ந்து, வழக்குப் போடலாமா என்று பார்ப்பார்கள். குறைந்தது 12 பேர் சரி என்றால்தான் குற்றப்பத்திரிகை. அந்த அறைக்குள் விசாரணை நடக்கும்போது அரசு வக்கீல், சாட்சி, தேவையானால் மொழிபெயர்ப்பாளர், பதிவு செய்பவர் தவிர யாரும் இருக்கக் கூடாது. பாராலீகல் உள்ளே போக முடியாது. ஆனால் உள்ளே போகும் தாள்களை அடுக்கிக் கொடுப்பது அவர்தான். வெளியே ஒரு வார்த்தை மூச்சு விடக் கூடாது.

அப்புறம் காலண்டர். 1974-ல் வந்த ஒரு சட்டப்படி கைதான 30 நாளுக்குள் குற்றப்பத்திரிகை, அதன்பின் 70 நாளுக்குள் விசாரணை ஆரம்பம். கழித்துக்கொள்ளும் நாட்கள் என்று ஆயிரம் விதிவிலக்கு உண்டு. அந்தக் கூட்டல் கழித்தல் தப்பினால் வழக்கே தள்ளுபடி ஆகலாம். அப்புறம் கோர்ட்டில் தாக்கல் செய்யும் காகிதங்களில் மறைக்க வேண்டியதை மறைப்பது: அடையாள எண்ணில் கடைசி நாலு இலக்கம் மட்டும், குழந்தைகள் பெயரில் முதலெழுத்து மட்டும், பிறந்த தேதியில் வருடம் மட்டும் என்று விதி. இது என்ன பெரிய வேலை என்கிறீர்களா? 2019 ஜனவரியில் பால் மானஃபோர்ட் வழக்கில் தாக்கலான ஒரு காகிதத்தில் ரகசிய வரிகளின் மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். யாரோ அதை அப்படியே காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தார்கள். கறுப்புக்கு அடியிலிருந்த எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்துவிட்டது! (அது எதிர்த்தரப்பு வக்கீல்கள் செய்த தப்பு. அரசுத் தரப்பு தலையில் கட்டக் கூடாது.) கம்ப்யூட்டர் நண்பர்களுக்கு இதன் காரணம் சொல்லாமலே புரியும்.

இதெல்லாம் உழைப்பு. ஒழுங்காகச் செய்தால் யாரும் பாராட்டப் போவதில்லை, தப்பினால் மட்டும் பெயர் வரும். நான் எழுத வந்தது வேறொன்று. அந்த ஆறாவது புள்ளி.

எல்லாப் பக்கங்களையும் முதலில் படிப்பவர் பல நேரம் இந்த உதவியாளர்தான். படித்துக்கொண்டே போகிறார். ஏழு காகிதம் "இவன்தான் திருடன்" என்கிறது. எட்டாவதாக ஒரு துண்டுச்சீட்டு, "இல்லையே" என்கிறது. வக்கீலோ இரவு பகலாக வழக்கைத் தயார் செய்துகொண்டிருக்கிறார், அடுத்த வாரம் விசாரணை. இப்போது அந்தச் சீட்டை என்ன செய்வது?

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. 1963-ல் பிரேடி என்பவர் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஒரு கொலையில் இரண்டு பேர் மேல் வழக்கு. கொலையில் எனக்குப் பங்கு உண்டு, ஆனால் கொன்றது நான் இல்லை, என் கூட்டாளி என்றார் பிரேடி. கூட்டாளியும் ஒரு வாக்குமூலத்தில் கொன்றது நான்தான் என்று சொல்லியிருந்தார். அந்த வாக்குமூலத்தைக் கேட்டபோதும் அரசுத் தரப்பு கொடுக்கவில்லை. பிரேடிக்கு மரண தண்டனை. சுப்ரீம் கோர்ட் சொன்னதன் சாரம்: குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சாதகமான முக்கிய சாட்சியத்தை அரசுத் தரப்பு மறைத்தால் அது நியாயமான விசாரணை ஆகாது. வேண்டுமென்றே மறைத்தாலும் சரி, நல்ல எண்ணத்தோடு இருந்து தவறவிட்டாலும் சரி! இந்தக் கடைசி வரிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "சார், தெரியாம நடந்துபோச்சு சார்" என்ற நம் பிரம்மாஸ்திரம் அங்கே செல்லாது.

இன்னொரு வழக்கு, 1972-ல் தீர்ப்பு. ஜிக்லியோ என்பவர் மேல் போலி மணியார்டர் வழக்கு. அவருக்கு எதிரான முக்கிய சாட்சி ஒரு வங்கி ஊழியர். ஆரம்பத்தில் இந்த வழக்கைப் பார்த்த அரசு வக்கீல் அந்த ஊழியரிடம், நீ சாட்சி சொன்னால் உன்மேல் வழக்கு இல்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு விசாரணையை நடத்திய வக்கீலுக்கு அது தெரியவே தெரியாது. அவர் ஜூரியிடம், சாட்சிக்கு யாரும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார். மனதறிந்து சொன்ன பொய் இல்லை. ஆனாலும் சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்து புது விசாரணைக்கு உத்தரவிட்டது. அரசு வக்கீல் அலுவலகம் என்பது ஒரே ஆள் மாதிரி, ஒருவர் கொடுத்த வாக்கு எல்லோரும் கொடுத்த வாக்கு என்றது. யோசித்துப் பாருங்கள், கேஸ் கட்டில் ஒரே ஒரு வரி, 'இன்ன தேதியில் இப்படி வாக்குக் கொடுக்கப்பட்டது' என்று யாராவது எழுதி வைத்திருந்தால்? வக்கீல்கள் மாறுவார்கள். கட்டு அங்கேயே இருக்கும். அந்தக் கட்டுக்குக் காவல் யார்?

காகிதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1995 ஏப்ரல் 19-ல் ஓக்லஹோமா நகரத்தில் மத்திய அரசுக் கட்டடம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. 168 பேர் பலி, அதில் 19 குழந்தைகள். திமோதி மெக்வே என்பவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு 2001 மே 16 என்று நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு ஆறே நாள் இருக்கும்போது ஒரு செய்தி. எதிர்த்தரப்புக்குக் கொடுத்திருக்க வேண்டிய சுமார் 3,000 பக்கங்கள் கொடுக்கப்படவே இல்லையாம்! எஃப்.பி.ஐ.யின் கிளை அலுவலகங்களில் கிடந்தவை. பழைய ஆவணங்களைத் திரட்டிக் காப்பகத்தில் சேர்க்கும்போதுதான் வெளியே வந்தது. தண்டனையை ஜூன் 11-க்குத் தள்ளி வைத்தார்கள். அந்தப் பக்கங்களால் தீர்ப்பு மாறவில்லை, அந்தத் தேதியில் தண்டனை நிறைவேறியது. அவன் செய்ததில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் அத்தனை கொடூரமான ஒருவனுக்கே "பக்கம் குறைகிறது, நிறுத்து" என்று சொல்ல வேண்டியிருந்தது பாருங்கள், அதற்காக அந்த ஊர் முறைக்கு ஒரு கும்பிடு. அதே நேரம், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அந்தக் கிட்டத்தட்ட நாலு வாரம் எப்படி இருந்திருக்கும்? எண்ணி அனுப்பாத காகிதத்துக்கு அவர்களும் விலை கொடுத்தார்கள்.

அடுத்தது இன்னும் மோசம். டெட் ஸ்டீவன்ஸ் அலாஸ்கா மாநிலத்திலிருந்து நாற்பது வருடம் செனட்டராக இருந்தவர். ஓர் எண்ணெய்த் தொழில் கம்பெனி அதிபர் அவர் வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார், அதைக் கணக்கில் காட்டவில்லை என்று 2008 ஜூலையில் வழக்கு. தேர்தலுக்குள் முடியட்டும் என்று அவரே கேட்டதால் விசாரணை மின்னல் வேகம். அக்டோபர் 27-ல் ஏழு குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பு. எட்டு நாள் கழித்துத் தேர்தல், தோற்றுப்போனார். பிறகு 2009-ல் புதிதாக வந்த அரசு வக்கீல்கள் பழைய கட்டைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அந்தக் கம்பெனி அதிபரை 2008 ஏப்ரலில் விசாரித்தபோது வக்கீல்கள் கையால் எழுதிய குறிப்புகள் கிடைக்கின்றன. வேலையின் மதிப்பு 80,000 டாலர் இருக்கும் என்று அவர் அன்றைக்குச் சொல்லியிருக்கிறார். அரசு கோர்ட்டில் சொன்ன தொகையோ அதைவிட மிக அதிகம்! பில் விஷயத்தில் கோர்ட்டில் அவர் சொன்ன ஒரு முக்கியமான சாட்சியத்துக்கும் அன்றைய பேச்சுக்கும் பொருந்தவில்லை. அன்றைய சந்திப்புக்கு முறையான அறிக்கையே எழுதப்படவில்லை. குறிப்பு எதிர்த்தரப்புக்குப் போகவில்லை. அரசாங்கமே கோர்ட்டுக்குப் போய்ப் பின்வாங்கிக்கொண்டது. 2009 ஏப்ரலில் நீதிபதி எம்மெட் சல்லிவன் தீர்ப்பை ரத்து செய்தார். அடுத்த வருடமே ஸ்டீவன்ஸ் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் உண்மையில் தப்பு செய்தாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. தேர்தலைத் திரும்ப நடத்த முடியுமா?

நீதிபதி ஒரு தனி விசாரணைக்கு ஏற்பாடு செய்தார். 2012-ல் அறிக்கை வெளிவந்தது. அதில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்று. எதிராளிக்குச் சாதகமானது எது எது என்று காகிதங்களைச் சலித்துப் பார்க்கும் வேலையை வக்கீல்கள் புலனாய்வு ஏஜெண்டுகளிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். அந்த ஏஜெண்டுகளுக்கு எதைத் தேடவேண்டும் என்பதே சரியாகத் தெரியாது. நம் பாஷையில் சொன்னால், "டேய், நீ ரீடிங் எடு, நீ எழுது, நீ கிராஃப் போடு" என்று ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டு யாருமே பரிசோதனையைப் பார்க்காத கதை!

இதை ஹாஸ்டலில் சொன்னபோது என் அறை நண்பன் கேட்டான்: "மாப்ளே, இதுல பாராலீகல் எங்கே வர்றாங்க? தப்பு பண்ணது வக்கீல். கையெழுத்து போடுறது வக்கீல். சம்பளம் அதிகமும் வக்கீலுக்கு. அந்தம்மா சொன்ன வேலையச் செய்றாங்க. அவங்க தலையில ஏன் பாரத்தை ஏத்துற?"

நியாயமான கேள்வி. உதவியாளர் செய்வதற்கெல்லாம் மேற்பார்க்கும் வக்கீலே பொறுப்பு என்றுதான் அவர்களின் தொழில் விதியும் சொல்கிறது. பழியை அவர் மேல் போடக் கூடாது என்பதே என் கட்சியும். மேலே எது நடந்தாலும் "கிளார்க் மிஸ் பண்ணிட்டார்" என்று கீழே தள்ளிவிடுவது எல்லா ஊரிலும் சுலபமான வேலை. நான் சொல்வது அதற்கு நேர் எதிரானது. பழி வேண்டாம், அதிகாரம் கொடுங்கள் என்கிறேன். ஒரு சைட்டில் எம்-புக் எழுதுகிற ஜூனியர் எஞ்சினியரை நினைத்துப் பாருங்கள். அவர் அளந்து எழுதினால்தான் பில். மேலதிகாரி அதைச் சரிபார்க்கலாம், திருத்தினால் கையெழுத்தோடு திருத்த வேண்டும். பக்கத்தைக் கிழிக்க முடியாது, ஏனென்றால் பக்கத்துக்கு எண் இருக்கிறது. அதுபோல, "இன்ன எண்ணுள்ள தாள் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகத் தோன்றுகிறது, இன்ன தேதியில் வக்கீலிடம் காட்டினேன், இன்ன காரணம் சொன்னார்" என்று பாராலீகல் எழுதும் ஒரு ரிஜிஸ்தர் ஒவ்வொரு கட்டிலும் கட்டாயமாக இருக்க வேண்டும். எண் போட்ட ரிஜிஸ்தர். எத்தனை தாள், எந்தத் தேதியில், யாருக்குப் போனது என்று அவர்கள் இப்போதும் கணக்கு வைக்கிறார்கள். போகாத தாளுக்கும் அதே அளவு கணக்கு வேண்டும் என்பதுதான் என் வாதம்.

"அப்படின்னா எல்லாத்தையும் முதல் நாளே தூக்கிக் குடுத்துட வேண்டியதுதானே?" என்று இன்னொருவன் கேட்டான். அதுவும் முடியாது. சாட்சியின் பெயர் முன்கூட்டியே வெளியே போனால் அவர் உயிருக்கே ஆபத்து வரும் வழக்குகள் உண்டு. அதனால்தான் 1957-ல் வந்த ஒரு சட்டப்படி, அரசுத் தரப்பு சாட்சியின் வாக்குமூலத்தை அவர் கோர்ட்டில் சாட்சி சொன்ன பிறகு கொடுத்தால் போதும். ஆக, எதை, எப்போது, யாரிடம் என்பது ஒவ்வொன்றும் ஒரு முடிவு. முடிவு எடுப்பவர் வக்கீல். எடுக்கப்பட்டது முடிவா, மறதியா என்பது பின்னால் தெரிய வேண்டும். ஸ்டீவன்ஸ் வழக்கில் அந்த வக்கீல்கள் மேல் கோர்ட் அவமதிப்பு வழக்குப் போட முடியாது என்று அறிக்கை சொன்னதற்குக் காரணம், அப்படிக் கொடுக்கச் சொல்லி நீதிபதி தெளிவான உத்தரவு போட்டிருக்கவில்லை என்பதே! 2020 அக்டோபரில்தான் சட்டம் திருத்தினார்கள். இப்போது ஒவ்வொரு மத்திய குற்ற வழக்கின் தொடக்கத்திலும் இந்தக் கடமையை ஞாபகப்படுத்தி நீதிபதி உத்தரவு போட வேண்டும். 1963-ல் சொன்னதை ஞாபகப்படுத்தவே 57 வருடம் ஆயிற்று.

இன்னொரு விஷயம். நாம் சினிமாவில் பார்க்கிற விசாரணை அங்கே நடப்பதே அபூர்வம். 2018-ல் மத்திய குற்ற வழக்குகளில் சிக்கியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை வரை போனது நூற்றுக்கு இரண்டு பேர். அப்படியானால் வழக்கு எங்கே முடிகிறது? கோர்ட்டில் இல்லை. வக்கீல் கட்டை மேஜையில் வைத்து, "இதோ பார், உனக்கு எதிராக இவ்வளவு இருக்கிறது" என்கிறாரே, அங்கே. கட்டைப் பார்த்துத்தான் ஒருவன் தன் வாழ்க்கையில் ஐந்து வருடத்தையோ பத்து வருடத்தையோ எழுதிக் கொடுக்கிறான். கட்டில் ஒரு தாள் இல்லாவிட்டால் அவனுக்காகக் குறுக்கு விசாரணை செய்து கண்டுபிடிக்க யாரும் வரப்போவதில்லை. அந்தக் கட்டை அடுக்கியவர் ஒரு பாராலீகல். வாதாடிய வக்கீலும் இல்லை, தீர்ப்பு எழுதிய நீதிபதியும் இல்லை.

ராபர்ட் ஜாக்சன் என்று ஒருவர் இருந்தார். 1940-ல் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது மத்திய அரசு வக்கீல்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பேசினார். மனிதர்களின் உயிர், சுதந்திரம், மானம் இவற்றின் மேல் அரசு வக்கீலுக்கு இருக்கும் அதிகாரம் இந்த நாட்டில் வேறு யாருக்கும் இல்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். பிறகு சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார், நூரம்பர்க்கில் நாஜிகளுக்கு எதிராக அமெரிக்காவின் தலைமை வக்கீலாக நின்றார். இவர் கல்லூரிக்கே போனதில்லை. ஒரு வக்கீல் ஆபீசில் எடுபிடியாக உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டு, ஆல்பனி சட்டப் பள்ளியில் ஒரே ஒரு வருடம் படித்தவர். பட்டம் கொடுக்கவில்லை. கொடுத்தது என்ன தெரியுமா? டிப்ளமா! (கேன்டீனில் இதைச் சொன்னதற்கு எனக்கு ஒரு டீ ஓசியில் கிடைத்தது.)

நம்மில் யாரும் அந்த அலுவலகத்தில் போய் உட்காரப் போவதில்லை. ஆனால் சிமெண்ட் கியூப் உடைத்து ரிசல்ட் எழுதப் போகிறோம், பாய்லர் பிரஷரை மணிக்கொரு தரம் லாக் புக்கில் குறிக்கப் போகிறோம், டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் டெஸ்ட் எடுக்கப் போகிறோம். கையெழுத்து வேறொருவருடையது, ரீடிங் நம்முடையது. அந்த ஊர்ப் பெண்மணி இரவு எட்டு மணிக்கு ஆபீஸ் காலியான பிறகு கையில் ஒரு துண்டுச்சீட்டோடு வக்கீல் அறைக் கதவைத் தட்டி, "சார், இதை அவர்களுக்கு அனுப்பினோமா?" என்று கேட்பாரே, அந்த ஒரு கேள்வியைக் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் லேபில் நான் கேட்டதில்லை.

போன மாதம் எஸ்.ஓ.எம். லேபில் பீம் டிஃப்ளெக்ஷன் டெஸ்ட். மறுபடியும் ஒரு புள்ளி தள்ளி நின்றது. இந்தத் தடவை நாலாவது. பக்கத்துப் பெஞ்சிலிருந்து ரப்பரும் வந்துவிட்டது. நான் அழிக்கவில்லை. 'டயல் கேஜ் ஊசி இடையில் ஒருமுறை சிக்கிக்கொண்டது, மறுபடி எடுக்க நேரமில்லை' என்று கீழே எழுதி வைத்தேன். சார் அந்தப் புள்ளியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, கிட்டத்தில் போய்ப் பார்த்து, டயல் கேஜைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பினார். எனக்குப் பத்துக்கு ஏழு மார்க். ரெக்கார்டு ஹாஸ்டலில்தான் இருக்கிறது, பார்க்க வேண்டியவர்கள் வரலாம்.